கொத்தவரைப் பிசின்

கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாத சமயத்தில் என் தாடை உடைந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் மதுரையில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு கல்கத்தா வந்தேன். மதராஸ் பக்கம் போகும் ட்ரங்க் கால்களை இணைத்துக் கொடுக்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டியிருந்ததால் மாற்றல் சுலபமாகக் கிடைத்தது. என் கணவர் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா கம்பெனி உத்தியோகத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து போனவர். எங்கள் கல்யாணத்தின்போது அவருக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. டாலிகஞ்சில் ஒரு மாடி வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார். கீழே வீட்டுக்காரர்கள், வயதான வங்காளித் தம்பதி. அந்த அம்மாளை மாஷிமா என்றும், அவர் கணவரை மேஷோமஷாய் என்றும் கூப்பிடுவோம். நம் ஊரில் சித்தி, சித்தப்பா என்பதுபோல.

என் கணவருக்குப் பேச்சே வராது. வராது என்றால், வாய் பேசாதவர் என்று அர்த்தமில்லை. காலையில் "வரேன்" என்பார், சாயங்காலம் "வந்துட்டேன்" என்பார். நடுவில் நான்தான் பேசுவேன். பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசிவிட்டு வந்து, மாலையில் அவரிடமும் விடாமல் பேசிக்கொண்டிருப்பேன். அவர் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். கேட்கிறாரா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் அவராக வாய் திறப்பார். அது அவர் வேலை. ஹவுராவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். அங்கே டின்னில் அடைத்த ஒரு மாவு தயாரித்தார்கள். காய்ச்சலில் கிடப்பவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், பல் போன கிழவர்கள், இப்படிச் சோறு சாப்பிட முடியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கிற மாவு. அதை நீரில் கலக்கினால் கூழ்போலக் கெட்டியாக வரும். அந்தக் கெட்டித்தன்மை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஒரு புனலில் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வழிந்து முடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"எதைப் போட்டு கெட்டியாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொத்தவரங்கா விதை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நெஜமாத்தான். அந்த வெதைக்குள்ள ஒரு பிசின் இருக்கு. ராஜஸ்தான்லேர்ந்து மாவா அரைச்சு வருது. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு சிட்டிகை போட்டா போதும், பாயசம் மாதிரி ஆயிடும். அடுப்பே வேண்டாம்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, இந்த மனிதருக்கு உள்ளே எங்கோ ஒரு விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் கல்கத்தாவில் தெரு எது, சாக்கடை எது என்று தெரியாது. போதாததற்கு மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மாலை வேலை முடிந்து டிராமிலிருந்து இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். கால் வைத்த இடத்தில் தரை இல்லை. விழும்போது மோவாய் டிராமின் இரும்புப் படியில் இடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது நினைவிருக்கிறது. யாரோ இரண்டு பேர் தூக்கி ரிக்ஷாவில் உட்கார வைத்தார்கள். வாயிலிருந்து ரத்தம் மார்பில் வழிய, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லப் பார்த்தேன். வார்த்தை உருவாகவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை, ஏறக்குறைய ஒன்றரை மாதம், வாயைத் திறக்க முடியாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். அதன் வழியாக ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சித்தான் எல்லாம். டாக்டர் என் கணவரைத் தனியே அழைத்து ஒரு சின்னக் குறடைக் காட்டினார். "இவருக்கு எப்போதாவது வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும். உடனே இந்தக் கம்பிகளை வெட்டிவிட வேண்டும். எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்றே அவர் அதேபோல ஒரு குறடு வாங்கிவிட்டார். என் தலைமாட்டில் ஆணி அடித்து அதை மாட்டினார். பிறகு பழைய கம்பித் துண்டுகளைக் கட்டிலின் காலில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப் பழகினார். கரண்ட் போகிற லோட்ஷெடிங் சமயத்தில் நடந்தால் இருட்டில் செய்ய வேண்டியிருக்குமே, அதற்காக. அந்தக் குறடுக்கு வேலையே வரவில்லை. ஆனால் அது அங்கே தொங்குகிற தைரியத்தில்தான் நான் தூங்கினேன்.

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாஷிமா தன் பேரனின் பழைய சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் எழுதுவேன், என் கணவர் படிப்பார். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை அவரால்தான் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவராகப் பேச ஆரம்பித்தார். ஆற்றைக் கடக்கும் ஃபெரியில் வரும்போது பார்த்தது, தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறவருக்கும் காவல்காரருக்கும் நடந்த சண்டை, வழியில் கேட்ட ஏதோ ஒரு வேடிக்கை. முதலில் தட்டுத்தடுமாறி, பாடம் ஒப்பிப்பதுபோல இருக்கும். ஒரு கதையின் முடிவை முதலில் சொல்லிவிட்டு ஆரம்பத்துக்கு வருவார். நான் சிலேட்டில் 'அப்புறம்?' என்று எழுதி வைத்துவிட்டேன். அதைக் காட்டிக்கொண்டே இருப்பேன்.

சாப்பாட்டுக்குக் கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர், பால், மோர். அதெல்லாம் போதாது என்று அவர் தொழிற்சாலை மாவையே இரண்டு டின் கொண்டுவந்தார். பெருமையோடுதான் கொண்டுவந்தார். கலக்கிக் கொடுத்தார். அரை டம்ளர் குடித்ததும் வயிறு நிரம்பிவிட்டது. 'ரொம்ப நன்றாக இருக்கிறது, இனிமேல் இதே போதும்' என்று எழுதினேன். பத்து நாளைக்கும் மேல் அதுவே என் சாப்பாடு. பசியே இல்லை. ஆனால் குளிக்கப் போனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. மாஷிமா என் கையைப் பிடித்துப் பார்த்து, "மா கோ! வளையல் முழங்கை வரைக்கும் போகிறதே!" என்றார்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். டாக்டருக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன சாப்பிடுகிறார்?"

என் கணவர் சொன்னார். வயிறு நிறையச் சாப்பிடுகிறாள், பசியே இல்லை என்கிறாள் என்றும் சொன்னார்.

"வயிறு நிறைவது வேறு. இந்த வேகத்தில் இளைத்தால் எலும்பு கூடாது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும்" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வீடு வரும்வரை என் கணவர் ஒன்றும் பேசவில்லை. பழைய ஆளாகிவிட்டாரோ என்று பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்தார். ஒன்றில் தொழிற்சாலை மாவைக் கலக்கினார். இன்னொன்றில் வெறும் தண்ணீரில் தன் பையிலிருந்த பிசின் மாவு ஒரு சிட்டிகை, கொஞ்சம் சர்க்கரை, ஒரு கரண்டி பால். கொஞ்ச நேரம் விட்டு இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"ரெண்டையும் குடிச்சுப் பாரு. எது கெட்டி?"

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சொல்லப்போனால் பிசின் தண்ணீர்தான் இன்னும் கொழகொழவென்று இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி. வயிறு நம்பிடுது, ஒடம்பு நம்பல" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பால் பவுடர் விலை ஏறினப்போ, பாலைக் குறைச்சு பிசினைக் கூட்டினா அதே கெட்டி வருமான்னு மொதலாளி கேட்டாரு. நான்தான் வரும்னு சொன்னேன். நான்தான் செஞ்சும் குடுத்தேன். புனல்ல ஊத்திப் பாத்தேன், ஒரு வித்தியாசம் இல்ல. ரொம்ப சந்தோஷப்பட்டேன்."

நான் சிலேட்டை எடுத்து, 'உங்களுக்குத் தெரியாது இல்லையா' என்று எழுதினேன்.

"தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அந்த மனிதரை நான் மதிக்க ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, தன்னையும் அடித்துக்கொள்ளவில்லை. எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

திரும்பும்போது ஒரு பை நிறைய சாமான். பொரி, பொட்டுக்கடலை, நிலக்கடலை, நல்ல பால் பவுடர், நெய். பொரியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை எனக்கு விளக்கினார். பொரி ஏற்கெனவே வெந்த அரிசி. அதை மாவாக்கினால் மறுபடி அடுப்பில் வைக்க வேண்டாம், நீரில் கலக்கினால் போதும். மாஷிமாவிடம் மெல்லிசான ஒரு பழைய மல்மல் புடவையின் துண்டை வாங்கி வந்து எல்லா மாவையும் அதில் சலித்தார். வீடு முழுக்க வெள்ளைப் புழுதி. அவர் புருவம், மீசை எல்லாம் நரைத்துப்போனதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் தாடை வலித்தது.

முதல் டம்ளர் தோல்வி. சத்தெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிட்டது. மேலே தெளிந்த நீர்தான் குழாயில் வந்தது, அடியில் இருந்தது குழாயை அடைத்துக்கொண்டது. அடுத்த தடவை, மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் உமி போட்டுப் பார்த்தார். கலக்கி வைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் டம்ளரில் இருந்தது களியாகி நின்றது. டம்ளரைக் கவிழ்த்தார். விழவில்லை. மாஷிமா அதைப் பார்த்துவிட்டு, "இதை வைத்து ஒழுகுகிற ஓட்டையை அடைக்கலாம்" என்றார். அவர் தன் பங்குக்கு ஷோட்டி மாவு கொடுத்தார். அது ஒரு காட்டு மஞ்சள் கிழங்கின் மாவு. வங்காளிகள் குழந்தைக்கும் நோயாளிக்கும் காய்ச்சிக் கொடுப்பார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒவ்வொரு தடவையும் காய்ச்ச வேண்டும். நான் அடுத்த வாரத்திலிருந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பேச முடியாதவளுக்கு டெலிபோன் போர்டில் வேலை இல்லை, பதிவேடுகள் பிரிவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அடுப்புக்கு எங்கே போவது? டப்பாவில் எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் குடிக்கிறமாதிரி இருக்க வேண்டும்.

கடைசியில் பிசினுக்கே திரும்பி வந்தார். "இதுமேல கோவப்பட்டு என்ன பண்றது? இது செய்ய வேண்டிய வேலை வேற. சத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான். சத்துக்குப் பதிலா வந்து உக்காரக் கூடாது" என்றார். துளியூண்டு பிசின் போதும், அடியில் படியாமல் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும். ஆனால் அந்தத் துளியும் நீர் பட்டதும் கட்டிகட்டியாகத் திரண்டது. வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த மாவு, மீன் கண் மாதிரி. அந்தக் கட்டி ஒவ்வொன்றும் குழாயில் போய் அடைத்தது. தொழிற்சாலையில் மெஷின் இருந்தது. வீட்டில் அவர் கையும் ஒரு மத்தும்தான். பிசினை முதலில் சர்க்கரையோடு சேர்த்து அம்மியில் நன்றாகப் பொடித்துவிட்டால் அது ஒன்றோடொன்று ஒட்டாது, சர்க்கரை கரையக் கரைய அதுவும் தனித்தனியாகப் பிரிந்து ஊறும் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்று சொல்வது தப்பாக இருக்கலாம், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கும். ஆனால் எங்கள் அடுக்களையில் அது நடந்த அன்று, குழாயில் தடங்கலே இல்லாமல் ஒரு முழு டம்ளர் இறங்கியபோது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், புனலில் ஊற்றுகிற ஞாபகத்தில். நான் காலி டம்ளரால் அவர் மண்டையில் லேசாகத் தட்டினேன்.

அடுத்த வாரம் எடை இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் ஏறியது. டாக்டர் மூக்குக் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

அதற்குள் நான் பல்லைக் கடித்தபடியே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தேன். அந்தப் பேச்சு உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. அலுவலகத்தில்கூட யாருக்கும் புரியவில்லை.

ஒரு ஞாயிறு காலையில் மாஷிமா மாடிக்கு வந்தார். கையில் ஒரு தட்டு லூச்சி, அதாவது மைதா பூரி, உருளைக்கிழங்குப் பொரியல். என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "உனக்கு முன்னால் கொண்டுவரக் கூடாதுதான். ஆனால் உன் புருஷன் கீழே கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறான். நானும் பார்க்கிறேன், அவனும் இளைத்துக்கொண்டே போகிறான். வீட்டில் அடுப்புப் புகையே காணோம். அவன் என்னதான் சாப்பிடுகிறான்?"

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் சாப்பிட்டுவிடுகிறேன் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அவர் பையைத் திறந்து பார்த்தேன். எனக்குக் கட்டிக் கொடுக்கிற அதே மாதிரி டப்பா. அதே மாவு.

"என்னங்க இது?" என்றேன் பல்லுக்கிடையில்.

மாட்டிக்கொண்ட பிள்ளைபோல நின்றார். "நாலு மணிக்குப் பசிக்குதா, ராத்திரி வரைக்கும் தாங்குதா, தலை சுத்துதான்னு எனக்குத் தெரியணும்ல? உங்கிட்ட கேட்டா நீ 'பரவாயில்ல'ன்னுவ. போன தடவையும் அப்படித்தான எழுதுன? அதான் நானே குடிச்சுப் பாக்கறேன்."

"எத்தனை நாளா?"

"பொரி வாங்கின அன்னையிலேர்ந்து."

நான் மாஷிமாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றேன். அவருக்கு என் முணுமுணுப்பு விளங்கவில்லை. என் கணவரே தலையைக் குனிந்துகொண்டு வங்காளியில் சொன்னார். மாஷிமா தட்டை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாகோல்!" என்றார். பைத்தியக்காரன் என்று அர்த்தம். ஆனால் சொன்ன விதத்தில் அது வேறு ஏதோ.

அவர் சோறு சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சிலேட்டில் பெரிதாக எழுதி வைத்தேன். மதியத்துக்கு ஒப்புக்கொண்டார். இரவுக்கு மட்டும் கம்பி எடுக்கும்வரை என்னோடு மாவுதான்.

துர்கா பூஜை வந்தது. தெருமுனைப் பந்தலில் மத்தளச் சத்தம் காதைக் கிழித்தது. அஷ்டமி அன்று பிரசாதக் கிச்சடியின் வாசம் மாடிவரை ஏறி வந்தது. எனக்கு ஒரு மாதமாக எல்லாமே இனிப்பு. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் தாங்க முடியவில்லை. உப்புக்கும் மிளகுக்கும் ஏங்கி, ஜன்னலோரம் நின்று சின்னக் குழந்தைபோல அழுதேன். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சுவிட முடியாதவள் அழவும் கூடாது. அவர் பதறிப்போய்க் குறடை எடுத்துவிட்டார்.

"என்ன வேணும், சொல்லு. என்ன?"

"ரசம்" என்றேன்.

அவர் குறடை ஆணியில் மாட்டினார். ரசம் வைக்கலாம், வடிகட்டிக் கொடுக்கலாம், ஆனால் அது வெறும் தண்ணீர், அதனால் ஒரு வேளைச் சாப்பாடு போய்விடும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். உப்பு மாவு செய்ய வேண்டும். அதில் சர்க்கரை போட முடியாது. சர்க்கரை இல்லையென்றால் பிசின் கட்டியாகும். அடுக்களையில் நின்று யோசித்தார். நெய் டப்பாவைப் பார்த்தார். நெய்யைச் சூடாக்கி, மிளகு, சீரகம், துளி பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்தபின் அந்த நெய்யில் பிசினைப் போட்டுக் குழைத்தார். நெய் சுற்றிக்கொண்ட பிசின் நீர் பட்டால் உடனே திரளவில்லை, மெதுவாகப் பிரிந்தது. அதில் பொரிமாவும் வறுத்த பயத்தம்பருப்பு மாவும் உப்பும் சேர்த்துச் சூடான நீர் ஊற்றி, மல்மலில் வடிகட்டிக் கொடுத்தார்.

வெளியே ஆரத்தி நடந்துகொண்டிருந்தது. நான் குழாயை வாய்க்குள் செருகி உறிஞ்சினேன். மிளகு தொண்டையில் சுட்டது. நான் சாப்பிட்ட விருந்துகள் எத்தனையோ, அந்த டம்ளருக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

கம்பியை எடுத்த அன்று வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. முழுதாகத் திறக்கப் பயிற்சி செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் போர்டில் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சரியானதோடு அவர் விட்டுவிடவில்லை. முதலாளியிடம் போய்ப் பேசினார். அதை எனக்கு மாலையில் நடித்தே காட்டினார். அந்தளவுக்குப் பேச்சு வந்திருந்தது அவருக்கு.

"பாலைக் கூட்டணும்னு சொன்னேன். 'விலையை யார் கட்டுவாங்க, உன் மாமனாரா?'ன்னாரு. சரி, பால் வேண்டாம், பிசினைக் குறைங்கன்னேன். 'கெட்டியா இல்லேன்னா எவன் வாங்குவான்?'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டின்னைக் காட்டினேன். பின்னாடி என்ன எழுதியிருக்கு? 'தண்ணீரிலோ பாலிலோ கலக்கவும்.' அந்தத் தண்ணிங்கற வார்த்தையை எடுத்துடுங்கன்னேன். பால்ல கலக்கினாலாவது சாப்பிடறவனுக்குப் பால் போய்ச் சேரும். உங்களுக்கு ஒரு காசு செலவில்லன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"கத்தினாரு. வேலையை விட்டுப் போன்னாரு. நான் போகல, அங்கேயே நின்னேன். 'என் பொண்டாட்டி உங்க மாவைக் குடிச்சுட்டு, வயிறு நெறஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே எளைச்சா'ன்னேன். அப்புறம் டின்னைக் கையில வாங்கி அந்த வரியைப் படிச்சாரு."

அடுத்த தடவை அச்சான டின்களில் 'பாலில் கலக்கவும்' என்று மட்டும் இருந்தது. அவர் ஒரு டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மாவு பழைய மாவுதான். நடந்த மாற்றம் அந்த ஒரு வார்த்தை. ஊரில் எத்தனை பேர் அதைப் படித்துப் பாலில் கலக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. வேறு வேலை கிடைக்கும்வரை, இன்னும் சில வருஷம் அவர் அங்கேதான் இருந்தார். அந்தக் காலத்தில் வேலையை உதறிவிட்டு வருவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இருந்த இடத்திலேயே நின்று, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினார். அதைவிடப் பெரிய வீரம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சரியாகி ஓரிரு வருஷம் கழித்து, கீழ்வீட்டு மேஷோமஷாய்க்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. அதைவிடப் பெரிய கஷ்டம், தண்ணீர் குடித்தால் புரையேறியது. ஒரு வாய் தண்ணீருக்கு முகம் நீலமாகும்வரை இருமுவார். பயந்துபோய்க் குடிப்பதையே நிறுத்திவிட்டார். உதடெல்லாம் வெடித்திருந்தது. மாஷிமா ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக விட்டாலும் இருமல்தான்.

என் கணவர் தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருவார். ஒருநாள் மாஷிமா ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தயிரும் பாயேஷும் ஒழுங்காக உள்ளே போயின. பாயேஷ் என்றால் நம் பால் பாயசம்தான், நன்றாகக் குறுகியது. அதற்குப் பிறகு கொடுத்த தண்ணீருக்குத்தான் இருமல்.

மேலே வந்ததும் என்னிடம் கேட்டார்: "தயிருக்கு இருமல, தண்ணிக்கு இருமறாரு. கவனிச்சியா?"

"தயிர் மெதுவாப் போகும்" என்றேன். வாயும் தொண்டையும் ஒத்துழைக்காத காலத்தை நான் மறந்திருக்கவில்லை. "தண்ணி நம்மைக் கேக்காம ஓடிடும்."

அவர் சட்டென்று எழுந்தார். அலமாரியைத் திறந்து பிசின் டப்பாவை எடுத்தார்.

டாக்டரைக் கேட்காமல் அவர் எதுவும் செய்யவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தார். பிசினால் கெடுதல் இல்லை, கெட்டியாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்துப் பாருங்கள் என்று அங்கே சொன்னார்களாம். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பிசின் சேர்த்துக் கடைந்து, ஊறட்டும் என்று காத்திருந்தார். கட்டி இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நாங்கள் இருவரும் கீழே இறங்கினோம். மேஷோமஷாயை முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தோம். அவர் கண்ணில் பயம் தெரிந்தது. மாஷிமா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

என் கணவர் ஒரு ஸ்பூன் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். மெதுவாக, மெதுவாக.

தொண்டை ஏறி இறங்கியது. நாங்கள் எல்லோரும் இருமலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. இன்னொரு ஸ்பூன். அதுவும் போனது. கிண்ணத்தில் பாதி காலியான பிறகு, மேஷோமஷாய் தன் நல்ல கையால் என் கணவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குழறலாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மாஷிமா அழுதுகொண்டே சிரித்தார்.

"என்ன கேக்கறாரு?" என்றேன்.

"டீ கேக்கறாரு" என்றார் என் கணவர். "தண்ணியே உள்ள போகுதுன்னா டீயும் போகும்ல, அதைக் குடுன்னு கேக்கறாரு."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் அடுக்களையில் டீதான். சூட்டில் பிசின் சீக்கிரம் கெட்டியாகிவிட்டது, பால் சேர்த்தால் வேறு மாதிரி வந்தது, ஆறினால் இன்னும் இறுகியது. ஒவ்வொரு கோப்பையையும் என்னைக் குடித்துப் பார்க்கச் சொன்னார், தானும் குடித்தார். கொழகொழவென்று இருக்கும் டீயை நல்லதென்று எந்த மனிதனும் சொல்ல மாட்டான். ஆனால் மாலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேஷோமஷாய் அதை ஸ்பூன் ஸ்பூனாக வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு கோப்பை கேட்டார்.